தங்கவயலுக்கு ஒரு நாள்

அத்தியாயம் 11

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கே முத்தம்மாவின் போன் வந்துவிட்டது.

"இன்னாடி மகா, அவங்க வீட்ல காரம் சாப்பிடுவாங்களா?"

லிங்கராஜபுரத்து மாடி வீட்டின் குட்டிச் சமையலறையில், மகா ஒரு கையால் தோசையைத் திருப்பிக்கொண்டே சிரித்தாள்.

"அக்கா, சனிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு."

"இருந்தா இன்னா? முன்னாடி ரூம்புக்கு சுண்ணாம்பு அடிச்சாச்சு. பியாட்ரிஸ் வீட்ல நாலு சேர் சொல்லி வெச்சிக்கிறேன். சம்பந்தி வீட்டுக்காரங்களைப் பாய் போட்டு உக்கார வெக்க முடியுமா? கோழி எடுக்கட்டுமா, இல்ல அவங்க மரக்கறியா? அதச் சொல்லு மொதல்ல."

"மரக்கறிதான்கா."

"அய்யே! சரி போ. கத்திரிக்காய் காரக்குழம்பு வெக்கிறேன். அப்பாவுக்கு வெக்கிற மாதிரி."

போனை வைத்த பிறகும் மகாவின் முகத்தில் சிரிப்பு போகவில்லை. தோசை ஒரு பக்கம் தீய்ந்துபோனது. அதைத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

மகாவின் மகன் கவினும் ஸ்னேஹாவும் ஒரே ஆபீசில் வேலை பார்த்து விரும்பியது, ஸ்னேஹாவின் அப்பா சுந்தரராமன் ஏழு மாதம் பிடிகொடுக்காமல் இழுத்தது, பிறகு திடீரென்று ஒருநாள் மனம் இளகி, "ஆவணியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம்" என்றது எல்லாம் நாம் பார்த்ததுதான். அந்தச் சுந்தரராமனேதான் போன வாரம் மகாவுக்கு போன் செய்தார்.

"நிச்சயத்துக்கு முன்னாடி ரெண்டு குடும்பமும் ஒரு நாள் சேர்ந்து எங்கேயாவது போய் வரலாம்ங்க. அவசரம் இல்லாம, நிதானமா. உங்க ஊருக்கே போகலாமே! கோலார் தங்கவயல். நூறு வருஷத்துக்கு முன்னாடி தங்கத்துக்காக உலகமே வந்து இறங்கின ஊர். பெங்களூர்ல இத்தனை வருஷம் இருந்தும் நான் பார்த்ததே இல்லை."

அன்றிலிருந்து மகா தரையில் நடக்கவில்லை.

சாவுக்கும் கல்யாணத்துக்கும் அவள் ஊருக்குப் போய் வந்தது உண்டு. காலை ரயிலில் போய், சாயங்கால ரயிலில் திரும்பி, மறுநாள் விடியற்காலை டிப்போவில் டிக்கெட் மெஷினை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள். இருபத்திரண்டு வருட கண்டக்டர் வாழ்க்கை. பிறந்த ஊரைச் சுற்றிப் பார்க்கவென்று ஒரு நாள் போனதில்லை. அதற்கெல்லாம் யாரோ ஒரு வெளியூர்க்காரர் வந்து கூப்பிட வேண்டியிருக்கிறது.

ஐம்பத்து நாலு வயதில் அவளுக்குப் பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவுக்குப் பேர் கொடுத்தது போல இருந்தது.

அறை வாசலில் கவின் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ. பல் தேய்த்த ஈரம் இன்னும் முகத்தில் இருந்தது.

"பெரியம்மா வீட்லயாம்மா சாப்பாடு?"

"பின்னே? ஓட்டல்லயா?"

அவன் தோசையை இரண்டு வாய் பிட்டுவிட்டு எழுந்துவிட்டான்.

*

மல்லேஸ்வரத்துக்கு இருவரும் பஸ்ஸில்தான் கிளம்பினார்கள். பயணத் திட்டம் பேசச் சுந்தரராமன் பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்.

சிவாஜிநகரில் மாறி ஏறிய பஸ்ஸில் தெரிந்த கண்டக்டர் பையன். "ஏன் மகக்கா, இவத்து ரஜானா?" என்றான் கன்னடத்தில், இன்றைக்கு லீவா என்று.

"ஹௌதப்பா, ரஜா" என்று அவன் தோளைத் தட்டிவிட்டு, மகா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மகனுக்கு அவளே பணம் கொடுத்து டிக்கெட் வாங்கினாள். அது அவள் வழக்கம்.

இரண்டு ஸ்டாப் போனதும் கவின் தொண்டையைச் செருமினான்.

"அம்மா, பெரியம்மா வீட்டுக்குப் போக வேணாம்மா."

"ஏன், என்ன?"

"கிளப், பங்களா, கோயில்... அதைப் பார்த்துட்டு வந்துடலாம். லைன் பக்கம் போக வேணாம்."

மகா திரும்பிப் பார்த்தாள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்துத் தொழிலாளர்களுக்கென்று கம்பெனி கட்டிய வீடுகளுக்கு லைன் வீடு என்று பெயர். ஒரே கூரை, ஒட்டி ஒட்டிப் பத்து வீடு. அதில் ஆறாவது வீட்டில்தான் மகாவும் முத்தம்மாவும் பிறந்து வளர்ந்தார்கள். முத்தம்மா இன்றும் அங்கேயே இருக்கிறாள்.

"என்னடா மறைக்கிற?"

கவின் முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"முதல் தடவை அவங்க வீட்டுக்குப் போனப்ப அங்கிள் கேட்டார்ம்மா. உங்கம்மா வீட்டுப் பக்கம் என்னன்னு. தாத்தா மைன்ஸ்ல இருந்தார்னேன். 'ஓ, ஆபீசரா?'ன்னு அவரே கேட்டார். நான்..."

"நீ?"

"ஆமான்னுட்டேன்."

பஸ் சிக்னலில் நின்றது. பக்கத்தில் ஓர் ஆட்டோ விடாமல் ஹாரன் அடித்தது.

"ஒரே ஒரு வார்த்தைதாம்மா. ஆனா அவர் முகமே மாறிடுச்சு. அதுவரைக்கும் என்னை வாசல்ல நிக்க வெச்சுதான் பேசிட்டிருந்தார். அப்புறம்தான் உட்காரச் சொன்னார். 'நல்ல குடும்பம், தாத்தா போனப்புறம் கொஞ்சம் நொடிஞ்சு போச்சு, பாவம் அம்மா கண்டக்டர் வேலைக்குப் போய் வளர்த்திருக்காங்க'ன்னு அவரே ஒரு கதை கட்டிக்கிட்டார். நான் மறுக்கல."

மகாவுக்கு முதலில் கோபம் வரவில்லை. சுந்தரராமன் மனம் இளகிய காரணம் இதுதானா என்பதுதான் முதலில் உறைத்தது. அவள் இத்தனை நாளும் தன் மகனின் குணத்தைப் பார்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க தாத்தாவை நீ பார்த்ததே இல்லை" என்றாள் மெதுவாக. "நீ பொறக்கறதுக்கு நாலு மாசம் முன்னாடி போயிட்டார்."

"தெரியும்மா. நிச்சயம் முடியட்டும், நானே சொல்லிடறேன். சத்தியமா. இந்த ஒரு நாள் மட்டும்... ப்ளீஸ்ம்மா. ஸ்னேஹா இல்லாம என்னால..."

அவன் குரல் உடைந்தது. பத்தொன்பது வயதில் அப்பாவை இழந்த பிள்ளை. எதையும் வேண்டுமென்று கேட்டு அழுததில்லை.

மல்லேஸ்வரத்தில் இறங்கியதும் மகா ஒரு பூக்கடை ஓரமாக ஒதுங்கி நின்று முத்தம்மாவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, சாப்பாடு வேணாம்கா. அவங்க வேற மாதிரி பிளான் போட்டிருக்காங்க. நேரம் இருக்காது போல."

மறுமுனையில் குழாயில் தண்ணீர் பிடிக்கும் ஓசை மட்டும் கேட்டது.

"சரி சரி, பெரிய எடம். அவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்" என்றாள் முத்தம்மா. "டீயாவது?"

"பார்க்கறேன்கா."

"வேணாம் வேணாம், நீ சங்கடப்படாத. காரு ரயில்வே கேட்டு வழியாத்தான போவும்? நான் அங்க வந்து நின்னுக்கிறேன். போற போக்குல கவினையும் அந்தப் பொண்ணையும் ஒரு பார்வ பாத்துக்கிறேன். கண்ணாடிய மட்டும் எறக்கி வெக்கச் சொல்லு."

மகா போனைக் கைப்பைக்குள் போட்டாள்.

*

சுந்தரராமன் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றாலும் மேலாளர் மேலாளர்தான். ஹாலில் மேஜை மீது ஒரு பெரிய வரைபடம் விரித்திருந்தது. அதன் நாலு மூலையிலும் நாலு புத்தகம். பக்கத்தில் ஆளுக்கொன்றாக அச்சடித்த தாள். தலைப்பு: 'நிதானமாக ஒரு நாள்'.

"வாங்க வாங்க! உங்களுக்காகத்தான் காத்திட்டிருக்கேன். ஊர்க்காரங்க நீங்க. தப்பு இருந்தா திருத்தணும்."

அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் மகாவால் அவரை வெறுக்க முடியவில்லை. ஒரு மாதமாகப் படித்திருக்கிறார். எந்தச் சுரங்கம் எந்த வருடம் தோண்டப்பட்டது, எங்கிருந்து கரண்டு வந்தது என்றெல்லாம் மனப்பாடமாகச் சொன்னார்.

"ஆறரைக்குக் கிளம்பறோம். என் முட்டிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல உட்கார முடியாது, அதனால ரெண்டு இடத்துல நிறுத்தறோம். ரெண்டுமே சுத்தமான பாத்ரூம். விசாரிச்சிட்டேன். ஒன்பதரைக்கு கிளப். அப்புறம் வெள்ளைக்காரன் பங்களா. மதியம் சாப்பிட்டதும் முக்கால் மணி நேரம் சும்மா உட்காரறோம்."

"சும்மா உட்கார்றதுக்கும் டைம் போட்ட மனுஷர் இவர் ஒருத்தர்தான்" என்றாள் காபித் தட்டோடு வந்த அவர் மனைவி பிரபா.

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்னேஹா கவினைப் பார்த்தாள். கவின் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மகா வரைபடத்தின் மேல் குனிந்தாள். கிளப், கோல்ஃப் மைதானம், பங்களாக்கள் எல்லாம் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தன. அவளுக்கு அந்த ஊரே தெரியவில்லை.

கிளப்பை அவள் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள், ஒன்பது வயதில். கிறிஸ்துமஸ் விளக்கு பார்க்க பக்கத்து வீட்டு பியாட்ரிஸ் கூட்டிப்போனாள். கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, கம்பி இடுக்கில் முகத்தை வைத்து, காவல்காரர் விரட்டும்வரை பார்த்தார்கள். வரும் வழியெல்லாம் பியாட்ரிஸ் அந்த விளக்குகளை எண்ணிச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அவளுடைய ஊர் இந்த வரைபடத்தின் கீழ் ஓரத்தில் இருந்தது. மெலிதாக ஒரு ரயில் பாதை. அதன் மேல் குறுக்காக ஒரு சின்னக் கோடு. ரயில்வே கேட்.

அங்கேதான் முத்தம்மா வந்து நிற்பாள். அறுபது வயசு. நல்ல புடவை கட்டிக்கொண்டு வருவாள். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, எந்தக் காரில் தங்கச்சி மகன் வருகிறான் என்று ஒவ்வொரு காராகப் பார்ப்பாள்.

"இந்தக் கீழ்ப்பக்கம் என்ன சார்?" என்று கேட்டாள் மகா. தன் குரல் தனக்கே வேறு மாதிரி இருந்தது.

"அதுவா? தொழிலாளர் லைன். அங்கே பார்க்க ஒண்ணுமில்லையாம்ங்க. இடிஞ்ச வீடுங்கதான். நேரம் வேஸ்ட்." சுந்தரராமன் பேனாவைத் திறந்தார். "முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். அங்கே கண்ணான்னு ஒருத்தர், பழைய ஆபீஸ்காரர், எனக்கு போன்ல பழக்கம். உங்கப்பா எந்த பங்களாவுல இருந்தார்னு தேடி, உள்ளே போய்ப் பார்க்க அனுமதி வாங்கித் தர்றேன்னார். உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு நெனச்சேன், ஆனா விவரம் இல்லாம முடியாதாம். அப்பா பேரும், என்ன பதவின்னும் சொல்லுங்க."

தாளில் பேனா நின்றது.

கவின் அம்மாவைப் பார்த்தான். பஸ்ஸில் பார்த்த அதே பார்வை.

மகா காபியைக் கீழே வைத்தாள்.

"எழுதிக்குங்க சார். பேர், ரத்தினம்."

அவர் எழுதினார்.

"பதவி... பாறை சரியாம இருக்க முட்டு மரம் குடுக்கிற வேலை. சுரங்கத்துக்குள்ள. முப்பத்தொரு வருஷம்."

பேனா ஓடவில்லை.

"அம்மா..." என்றான் கவின்.

"இருடா." மகா வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "பங்களா எல்லாம் இல்லை சார். இதோ, நீங்க ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களே, இந்த ரயில்வே கேட்டைத் தாண்டி ரெண்டாவது லைன், ஆறாவது வீடு. எங்கக்கா இப்பவும் அங்கதான் இருக்காங்க. நான் பொறந்தது அங்கதான்."

சுந்தரராமன் அவள் விரல் வைத்த இடத்தைக் குனிந்து பார்த்தார்.

"அக்கா பொறந்தப்ப எங்கப்பா மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தின மனுஷன். அதனால முத்தம்மா. நான் பொறக்கறதுக்குள்ள புத்தர் பக்கம் போயிட்டார். புத்தரோட அம்மா பேரை எனக்கு வெச்சார், மகாமாயான்னு. லைன்ல யாருக்கும் வாய்ல நுழையல, மகான்னே கூப்பிட்டாங்க."

அவள் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. ஆனால் பேச ஆரம்பித்துவிட்டாள், நிறுத்த வரவில்லை.

"ஷிப்ட் முடிஞ்சு ஆளுங்களை ஏத்திக்கிட்டு கூண்டு மேல வர்ற நேரத்துக்கு நானும் அக்காவும் கேட்டு வாசல்ல போய் நிப்போம். எட்டு மணி நேரம் இருட்டுல இருந்துட்டு வர்றாரில்ல, வெளிச்சத்துல கண்ணு கூசும். எங்கே நிக்கிறோம்னு தெரியாது. 'அப்பா, இங்க!'ன்னு கத்துவோம். குரலு வந்த பக்கமாத்தான் நடந்து வருவார். தோள்ல ரெண்டு மரத்துண்டு இருக்கும், அடுப்புக்கு. அந்த மரத்துக்கு ஒரு வாசனை சார். இப்பவும் எங்கயாவது மரக்கடை தாண்டிப் போனா பஸ்ல விசில் ஊத மறந்துடுவேன்."

பிரபா காபித் தட்டோடு நின்ற இடத்திலேயே நின்றாள்.

"உள்ளே எப்பவாவது பாறை வெடிக்கும். மேல தரை ஒரு தடவை உலுக்கும். வீட்ல தட்டு எல்லாம் கிலுகிலுன்னு ஆடும். எங்கம்மா ஓடிப்போய்த் தட்டுங்களைக் கையால பிடிச்சு நிறுத்துவாங்க. சத்தம் நின்னுட்டா உள்ளேயும் ஒண்ணும் ஆகலன்னு அவங்களுக்கு ஒரு நெனப்பு. அப்புறம் லைன்ல இருக்கிற பொம்பளைங்க அத்தனை பேரும் வாசலுக்கு ஓடுவாங்க. ஆளு மேல வர்ற வரைக்கும் யாரும் யார்கிட்டயும் பேச மாட்டாங்க. எங்கப்பா ஒவ்வொரு தடவையும் மேல வந்தார். கடைசியில தூசி நெஞ்சுல படிஞ்சுதான் போனார். அம்பத்தஞ்சு வயசு."

சுந்தரராமன் பேனாவை மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. மறுபடி அழுத்தினார்.

"ஆபீசர்னு..." என்று ஆரம்பித்து, கவினைப் பார்த்தார். "நீ சொன்னியேப்பா."

"சாரி அங்கிள். பொய்தான் சொன்னேன்."

"எனக்குத் தெரியும்ப்பா" என்றாள் ஸ்னேஹா.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் முகம் வெளிறியிருந்தது. ஆனால் கவினின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

"அன்னைக்கு ராத்திரியே என்கிட்ட சொல்லிட்டான். உங்ககிட்ட சொல்லிடறேன்னான். நான்தான் வேணாம்னேன். ஏழு மாசமா முகம் கொடுக்காத நீங்க அன்னைக்குத்தான் சிரிச்சீங்க. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல."

சுந்தரராமன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ வேலை என்னங்கறது எனக்கு முக்கியம்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க" என்றார்.

"முக்கியம் இல்லையாப்பா?"

பொய்க்குக் கோபமா, முட்டு மரத்துக்குக் கோபமா என்று மகாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவருக்கே தெரியவில்லையோ என்னவோ. எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிரபா அவர் பின்னால் போனாள். ஐந்து நிமிடம் கழித்து வந்தாள்.

"கொஞ்சம் யோசிக்கணும்ங்கறார். சனிக்கிழமை விஷயம் அப்புறம் போன்ல சொல்றேன்ங்கறார்." அவள் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்.

மகா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"நல்லா யோசிக்கட்டும்ங்க. அவசரமே இல்லை. நானும் என் பையனும் சனிக்கிழமை ஊருக்குப் போறோம். காலை ரயில், கண்டோன்மென்ட் ஸ்டேஷன்ல ஏறுவோம். எங்கக்கா வீட்ல சாப்பாடு. வர்றவங்க வரலாம்."

வாசலில் அவள் செருப்புக்குள் காலை நுழைத்தாள். கவின் குனிந்து, அவள் செருப்பின் வாரை மாட்டிவிட்டான்.

*

திரும்பி வரும் பஸ்ஸில் மகா மகனை ஜன்னலோரம் உட்கார வைத்தாள்.

மகா தான் செய்ததையே திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். அப்பாவைப் பற்றி இவ்வளவு நேரம் யாரிடமும் பேசியதில்லை, இறந்துபோன கணவரிடம்கூட. இன்று பேசியபோது சுகமாகத்தான் இருந்தது. அந்தச் சுகத்துக்கு மகன் விலை கொடுக்க வேண்டி வருமோ என்று பிறகுதான் நினைத்தாள்.

"கோவமாடா?" என்றாள்.

கவின் தலையாட்டினான். "இல்லம்மா. தாத்தாவுக்குக் கண்ணு கூசுமா?"

"ம்?"

"கூண்டுல மேல வரும்போது. நீ என்கிட்ட சொன்னதே இல்ல."

"நீ கேட்டதே இல்லையே."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "ஆபீசர்னு சொன்னப்ப எனக்கு ஒண்ணுமே தோணலம்மா. யாரோ ஒருத்தரைப் பத்திச் சொல்ற மாதிரி இருந்துச்சு. இன்னைக்குத்தான்..." என்றான். முடிக்கவில்லை.

சிவாஜிநகரில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவனே போனை எடுத்தான்.

"பெரியம்மா, நான் கவின். நீங்க ரயில்வே கேட்ல எல்லாம் நிக்க வேணாம். வீட்டுக்கே வர்றோம். ஆமா, சாப்பாடுதான். அவங்களா? அவங்க வருவாங்களான்னு தெரியல பெரியம்மா. எனக்குக் கோழி எடுத்துடுங்க."

முத்தம்மா போட்ட கூச்சல் பக்கத்தில் நின்ற மகாவுக்கே கேட்டது. என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை, சந்தோஷம் மட்டும் புரிந்தது. மகா முகத்தைத் திருப்பிக்கொண்டு, வராத பஸ்ஸை எட்டிப் பார்த்தாள்.

*

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். கவின் மொட்டை மாடியில் ஸ்னேஹாவோடு போனில் இருந்தான். மகா மறுநாள் யூனிபார்மை இஸ்திரி போட்டு முடித்துவிட்டு டீக்கு அடுப்பைப் பற்றவைத்தாள். போன் ஒலித்தது.

பிரபாவின் எண்.

யோசித்து முடித்துவிட்டார் என்று நினைத்தாள் மகா. பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு, மெதுவாக எடுத்தாள்.

"நான்தாங்க, பிரபா." குரல் ரொம்பவும் தாழ்ந்திருந்தது. பின்னால் குக்கர் சத்தம். சமையலறையிலிருந்து பேசுகிறாள். "அந்த ரயில் எத்தனை மணிக்கு வரும்?"

மகா அடுப்பைச் சிறிதாக்கினாள்.

"நீங்க மட்டுமா வர்றீங்க?"

"நானும் ஸ்னேஹாவும். அவரைப் பத்தி எனக்குத் தெரியாது. மத்தியானத்துல இருந்து ஒரு வார்த்தை பேசல. சாப்பாடு போட்டேன், சாப்பிட்டார், போயிட்டார்." பிரபா நிறுத்தி மூச்சு விட்டாள். "இருபத்தொம்பது வருஷமா அவர் போட்ட பிளான்லதான் எல்லா ஊருக்கும் போயிருக்கேன். எந்த இடத்துல இறங்கணும், எத்தனை நிமிஷம் பார்க்கணும், எங்கே காபி குடிக்கணும், எல்லாம் அவர்தான். நல்லாத்தான் இருந்துச்சு, குறை சொல்லல. ஆனா இன்னைக்கு நீங்க அந்தத் தட்டு ஆடுறதைச் சொன்னப்ப... எனக்கு அந்த வீட்டைப் பார்க்கணும்னு இருக்கு. உங்கக்காவைப் பார்க்கணும்."

மகா சுவரில் சாய்ந்து நின்றாள்.

"ரயில்ல கூட்டமா இருக்குமா? நான் ரயில்ல போய்ப் பல வருஷம் ஆச்சு."

"சனிக்கிழமை காலைல அந்தப் பக்கம் போறதுக்குக் கூட்டம் இருக்காதுங்க. சாயங்காலம் வர்றதுக்கும் உட்கார இடம் கிடைக்கும். நீங்க ஸ்டேஷனுக்கு ஏழு மணிக்கு வந்துடுங்க. நான் டிக்கெட் கவுன்டர் பக்கத்துலயே நிக்கிறேன்."

"நான் ஏதாவது செஞ்சு எடுத்துட்டு வரட்டுமா? வெறுங்கையா எப்படி..."

"ஒண்ணும் வேணாம். எங்கக்கா கோவிச்சுக்குவா."

பிரபா சிரித்தாள். காலையிலிருந்து மகா கேட்ட முதல் நல்ல சிரிப்பு அது. பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. தூரத்தில் ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம், ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் இழுத்து. முட்டி வலிக்காரரின் நடை.

"யார்கிட்ட பேசற?" சுந்தரராமனின் குரல்.

யாரோ சிநேகிதி என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள் என்றுதான் மகா நினைத்தாள். அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன் என்றும் நினைத்தாள்.

"சம்பந்தியம்மாகிட்ட" என்றாள் பிரபா. தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தவள், இப்போது சாதாரணக் குரலில், நன்றாகக் கேட்கும்படி சொன்னாள்.

நிச்சயம் ஆகாத அந்த உறவுக்கு அந்தப் பெயரை அந்த வீட்டில் இதுவரை யாரும் சொன்னதில்லை.

செருப்புச் சத்தம் பக்கத்தில் வந்தது. நின்றது. குக்கர் ஒரு விசில் விட்டு ஓய்ந்தது.

"போனை இப்படிக் கொடு" என்றார் சுந்தரராமன்.

மகா அடுப்பை அணைத்தாள். போனை இன்னும் அழுத்திக் காதில் வைத்துக்கொண்டு, அவர் பேசுவதற்காகக் காத்திருந்தாள்.